ஆரும் பின்னுக்கு நிக்கேல்லை

எங்கட ஆக்களுக்கு ஒரு பழக்கம். கார் பின்னுக்கு எடுக்கேக்கை ஆரோ ஒராள் பின்னால நிண்டு "வரட்டும், வரட்டும்" எண்டு கை காட்ட வேணும். கார் ஓட்டத் தெரியாத மனிசியும் காட்டுவா, ஸ்டியரிங் தொட்டறியாத கிழவரும் காட்டுவார். புதுக்காரில கமெரா இருக்கும், அது கீக் கீக் எண்டு கத்தும். அதை ஒருத்தரும் கவனிக்கிறதில்லை, பின்னால நிக்கிற ஆளின்ரை வாயைத்தான் நம்புறது. ஒரு பிறந்தநாள் வீடு முடிஞ்சு வெளிக்கிட்டால் ஒரு காருக்கு ரெண்டு பேர் கை காட்டுவினம். அதிலயும் "நீ விடு, நான் பாக்கிறன்" எண்டு சண்டை வேறை. முந்தி இதை வேலையிடத்தில பகிடியாச் சொல்லிச் சிரிப்பன். இப்ப சொல்லுறேல்லை.

என்ரை தம்பி வீடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோ எண்ட புறநகரில. நானும் என்ரை இவரும் அதுக்கு அடுத்த தெருவில. தம்பி துறைமுகத்தில இருந்து கொண்டெய்னர் ஏத்தி ஓடுறவன், விடிய வெளிக்கிட்டால் பின்னேரம்தான் வீட்டை வருவான். அவன்ரை மனிசிக்கு ஒரு தமையன். அவன் கலியாணம் கட்டேல்லை, தங்கச்சி வீட்டுப் பேஸ்மெண்டில இருந்தவன். தாய் தேப்பன் போன பிறகு அவன்தான் அவளை வளர்த்து, இஞ்சை கூப்பிட்டு, என்ரை தம்பிக்குக் கட்டியும் குடுத்தவன். ரெண்டு பேருக்கும் அப்பிடியொரு ஒட்டு. அவள் என்னை மச்சாள் எண்டுவாள், அவன் அக்கா எண்டுவான்.

அவளுக்கு ஒரே ஒரு பொடியன், மூண்டு வயது. நான் அவனுக்கு மாமி. கதவைத் திறந்த உடனை "மாமி, என்ன கொண்டந்தனீங்கள்?" எண்டு கையைப் பாப்பான். எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு ஒருநாள் கேட்டதில்லை, கள்ளன். கார்டெரியில, அதுதான் பகலில பிள்ளை பாக்கிற இடத்தில, பழகின பிரெஞ்சில என்னை ஏசுவான், எனக்கு விளங்காது எண்டு நினைச்சுக்கொண்டு.

தமையனும் நானும் டோர்வலில எயர்போட்டிலதான் வேலை. நான் பிளேனுக்குச் சாப்பாடு கட்டுற இடத்தில, அவன் பயணப்பெட்டி இழுக்கிற வண்டில் ஓட்டுறவன். அங்கை சட்டம் இறுக்கம். "அக்கா, கை காட்டுற ஆள் கண்ணுக்குத் தெரியேல்லை எண்டால் அந்த இடத்திலயே நிப்பாட்ட வேணும், ஒரு அடி எடுக்கேலாது" எண்டு பெருமையாச் சொல்லுவான். கெட்டிக்காரன்தான். ஒரு கீறல் விழுத்தினதில்லை.

அந்த வருசம் நொவெம்பர் முடியமுன்னமே ஸ்நோ கொட்டிப்போட்டுது. தமையன் ஒரு பழைய வான் வாங்கினான். வாங்கினால் பூசை செய்யாமல் ஓடுறதோ? வெள்ளிக்கிழமை அவனும் தங்கச்சியும் சின்னவனும், நானும் இவருமாக் கோயிலுக்குப் போனம். தம்பி வேலைக்குப் போட்டான். ஐயர் சந்தனம் பூசி, மாலை போட்டு, தீபம் காட்டி, டயருக்குக் கீழ வைச்சு நசிக்கிறதுக்கு நாலு தேசிக்காயும் தந்தார். வாசலில கார் நெரிசல், பின்னால நிண்டவன் ஹோர்னில இருந்து கையை எடுக்கேல்லை. "சரி, வீட்டை போய் நசிப்பம்" எண்டு வந்திட்டம்.

கோயிலில எண்டால் முன்னுக்கு எடுத்து நசிக்கிறது. வீட்டில வான் கராஜைப் பாத்துக்கொண்டு நிண்டது, பின்னுக்குத்தான் எடுக்கலாம். இவர் குனிஞ்சு நாலு டயருக்கும் தேசிக்காய் வைச்சார். நான் வாசல்படியில நிண்டனான். அவள் வானுக்குப் பின்னால, தமையனுக்குக் கண்ணாடியில தெரியிற பக்கமாப் போய் நிண்டாள். சின்னவன் அவளின்ரை கோட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். அவள் கையைக் காட்டி "வரட்டும்" எண்டாள். வான் அசைஞ்சுது, ஒரு தேசிக்காய் நசியாமல் வழுக்கி மற்றப் பக்கமா உருண்டுது. சின்னவன் கோட்டை விட்டிட்டு அதுக்குப் பின்னால ஓடினான். அவள் ரெண்டாந்தரம் "வரட்டும்" எண்டு சொல்லேக்கை அவன் பக்கத்தில இல்லை.

அதுக்கு மேல நான் விவரிக்கப்போறேல்லை. கண்டது எனக்குக் காணும். அவள் ஸ்நோவில படுத்து, வானுக்குக் கீழ கையை விட்டு, அவன்ரை முகத்தில கையை வைச்சுக்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அம்புலன்ஸ் வரமுன்னமே எல்லாம் முடிஞ்சுது. ஆனாலும் ஏத்திக்கொண்டு போச்சினம், அவளும் ஏறிப் போனாள்.

பேந்து பொலிஸ் வந்தது. ஒரு இளம் பெட்டை, மெல்லமாத்தான் கேட்டாள். பின்னால ஆரும் நிண்டினமோ, ஆரும் கை காட்டினமோ எண்டு. தமையன் பிரெஞ்சில சொன்னான், "இல்லை. ஆரும் பின்னுக்கு நிக்கேல்லை. நான் கண்ணாடியைப் பாத்திட்டு எடுத்தனான். தங்கச்சி உள்ளை நிண்டவள், சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தவள்." சொல்லிப்போட்டு எங்களைப் பாத்தான். அந்தப் பார்வையை என்னெண்டு சொல்லுறது. இவர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினன்.

பொய்தான். எனக்கு அதில வெக்கம் ஒண்டும் இல்லை. பெத்தவளைக் கூப்பிட்டு வைச்சு, நீதானே வரச்சொன்னனி எண்டு ஆர் கேப்பினம்? கேக்கிறவனும் ஒரு மனிசனோ? அவன் ஒரு நொடியில எல்லாத்தையும் தன்ரை தலையில தூக்கி வைச்சான். ஆம்பிளை எண்டால் இவன்தான் எண்டு அண்டைக்கு நினைச்சன். தம்பி வந்த உடனையும் அதைத்தான் சொன்னம். கொஞ்ச நாளில விபத்து எண்டு எழுதி, வழக்கு ஒண்டும் இல்லை எண்டு முடிச்சினம். அரசாங்கத்துக்கு அது முடிஞ்ச விசயம், எங்கட சனத்துக்கு அதுதான் தொடக்கம்.

முதல் பிரச்சினை பிள்ளையை என்ன செய்யிறது எண்டதில வந்தது. இஞ்சை எங்கட ஆக்கள் செத்தால் எரிக்கிறதுதான். ஆனால் சின்னப் பிள்ளையளை எரிக்கிறேல்லை, புதைக்க வேணும். அது எல்லாருக்கும் தெரியும், ஆனால் இவ்வளவு காலத்தில ஒருத்தருக்கும் அப்பிடிச் செய்யவேண்டி வரேல்லை. ஒருத்தரிட்டையும் ஒரு குழிக்கு இடமில்லை. தம்பி அலைஞ்சு திரிஞ்சு ஒரு இடுகாட்டில இடம் எடுத்தான். அங்கை இருந்த மனிசன் நல்ல மரியாதையாச் சொன்னான், நிலம் உறைஞ்சுபோச்சு, குளிர்காலத்தில இஞ்சை தோண்டுறேல்லை, பெட்டியைக் கல்லறை அறையில வைச்சிருப்பம், மே மாதம் வாங்கோ எண்டு. தம்பி அவனைப் பாத்துக்கொண்டே நிண்டான். "மே மாதமோ?" எண்டு தமிழில கேட்டான். அந்த மனிசனுக்கு அது விளங்கினது போல, ஓம் எண்டு தலையாட்டினான்.

பிறகு துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு. ரொறொன்ரோவில இருந்து ஒரு சொந்தக்காரி போன் அடிச்சா. "பிள்ளையை இன்னும் புதைக்கேல்லை, அப்ப துடக்கு எப்பிடிக் கழியும்? மே மாதம் வரைக்கும் நாங்கள் கோயிலுக்குப் போகேலாதோ? எங்கட மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு வேறை வருகுது." எனக்கு வந்த விசருக்கு, "மண்டபம் எடுத்திட்டியளோ? நல்லாச் செய்யுங்கோ. எங்களுக்குச் சொல்லாதேங்கோ, துடக்கு ஒட்டிப்போடும்" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். ஐயரிட்டைக் கேட்டம். சின்னப் பிள்ளைக்குக் கனநாள் துடக்கில்லை, கழிச்சுப்போட்டு வாங்கோ எண்டார். கழிச்சம். ஆனால் தம்பியும் மனிசியும் கோயில் பக்கம் போகேல்லை.

சனம் தமையனைப் பிடிச்சுக்கொண்டுது. தமிழ்க்கடையில மரக்கறி பொறுக்கேக்கையும் அதே கதைதான். "கண் பிடரியிலயோ இருந்தது அவனுக்கு?" எண்டு ஒரு மனிசி முருங்கைக்காயை முறிச்சுப் பாத்துக்கொண்டு கேட்டா. "தங்கச்சி வீட்டில சும்மா இருந்து திண்டவன், கடைசியில பிள்ளையையும் திண்டிட்டான்" எண்டு இன்னொரு வாய். கோதாரி விழுந்த வாய். கன்னத்தில ரெண்டு குடுக்க வேணும் போல கை உளைஞ்சுது. உண்மையைச் சொன்னால் அடங்கும். சொன்னால் அதே வாயள் நாளைக்கு அவளைத் தின்னும். பல்லைக் கடிச்சுக்கொண்டு வந்திட்டன்.

எல்லாத்தையும் விடக் கொடுமை என்ரை தம்பி செய்தது. அவன் பேஸ்மெண்டுக்குப் போய் மச்சானின்ரை உடுப்பெல்லாத்தையும் அள்ளிக்கொண்டுவந்து வாசலில போட்டான். "உன்ரை முகத்தை எனக்குக் காட்டாதை." தமையன் ஸ்நோவுக்குள்ளை இருந்து ஒவ்வொண்டாப் பொறுக்கிப் பையில வைச்சுக்கொண்டு போனான். அவள் மேல யன்னலில நிண்டு பாத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் துரத்தச் சொன்னவள் எண்டு சனம் கதைச்சுது. பாவி, அவள் அண்டைக்கு முழுக்கச் சாப்பிடேல்லை.

அவன் பார்க் எக்ஸ்டென்ஷனில ஒரு அறை எடுத்து இருந்தான். வானை ஆருக்கோ குடுத்திட்டான். வேலையில வண்டில் ஓட்டமாட்டன் எண்டு எழுதிக் குடுத்து, உள்ளை பெட்டி தூக்கி வைக்கிற இடத்துக்கு மாறினான். மெட்ரோவும் பஸ்ஸுமா வாறவன். வேலை முடிஞ்சு பஸ் தரிப்பில கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நிப்பான், நான் காரில கூட்டிக்கொண்டு போறன் எண்டாலும் ஏறமாட்டான்.

இவ்வளவுக்கும் நடுவில அவள் ஒண்டையே சொல்லப் பாத்தாள். செத்தவீட்டு மண்டபத்திலயே தொடங்கினவள். சின்னப்பெட்டி, மூடப்போகினம், அவள் என்ரை கையைப் பிடிச்சு "மச்சாள், நான்தானே அங்கை…" எண்டாள். "சும்மா இரு பிள்ளை" எண்டு அவளின்ரை தலையை என்ரை நெஞ்சோட அமத்திப்போட்டன். பக்கத்தில அவ்வளவு சனம்.

பேந்து ஒருநாள் என்ரை குசினிக்கு வந்தாள். தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். கோப்பையைத் தொடாமல், "மச்சாள், அண்டைக்கு நான்…" எண்டாள். "தேத்தண்ணி ஆறப்போகுது, குடி முதலில" எண்டன். "நான் சொல்லுறதைக் கேளுங்கோவன்." "கேட்டு என்னத்துக்கு? நடந்தது நடந்துபோச்சு. நீ அதை நினையாதை." அவள் கோப்பையை அப்பிடியே வைச்சிட்டு எழும்பிப் போனாள். இவரும் அதைத்தான் செய்தார். அவள் வாயைத் திறந்தால் இவர் உடனை டீவிச் சத்தத்தைக் கூட்டுவார். நாங்கள் நல்ல மனிசர், அவளைக் காப்பாத்துறம். அப்பிடித்தான் நினைச்சம்.

தம்பியிட்டை அவள் "அண்டைக்கு" எண்டு தொடங்கினாலே அவன் எழும்பி வெளியில போயிடுவான். தமையனுக்கு அவள் போன் அடிச்சபடி. அவன் எடுக்கிறேல்லை. பஸ் தரிப்பில நான் அவனைப் பிடிச்சன். "ஏன்ரா தம்பி, அவள் அடிக்கிறாள், ஒருக்கா எடுத்தால் என்ன?"

"எடுத்தால் அவள் அதைச் சொல்லுவாள், அக்கா."

"சொன்னால் சொல்லட்டும்."

"நான் கேக்கமாட்டன். அவள் தன்ரை வாயால சொல்லிப்போட்டாள் எண்டால் பேந்து உயிரோட இருக்கமாட்டாள். எனக்கு அவளைத் தெரியும்." பஸ் வந்தது, ஏறிட்டான்.

மார்ச் மாதம் போல அவள் வான் நிண்ட டிரைவ்வேயில போய் நிக்கத் தொடங்கினாள். பட்டப்பகலில, ஒரே இடத்தில, அதே பக்கத்தில. அயல்வீட்டு வெள்ளைக்கார மனிசி எனக்கு வந்து சொன்னா. டொக்டரிட்டைக் கொண்டு போனம், குளிசை தந்தினம், குளிசையைப் போட்டிட்டு வந்து நிண்டாள். அவள் தன்னைத்தானே தண்டிக்கப் பாக்கிறாள், வாயால சொல்லிச் சொல்லித் தன்னைக் கொல்லப் பாக்கிறாள் எண்டு நினைச்சன். பிள்ளையைக் குடுத்தாச்சு, இவளையும் குடுக்கப்போறமோ எண்டு பயந்துபோனன். சாமியறையில நிண்டு முருகனோட சண்டை பிடிச்சன்.

ஏப்ரல் முடிய இடுகாட்டில இருந்து தம்பிக்கு அறிவிச்சினம், நிலம் இளகிட்டுது, வரலாம் எண்டு. நான் தமையனுக்குச் சொன்னன். "நான் வந்தால் அத்தான் குழப்புவார்" எண்டான். தங்கச்சியின்ரை மனிசன் வயதில இளையவன் எண்டாலும் அவன் அத்தான் எண்டுதான் சொல்லுவான், அவ்வளவு மரியாதை. "அவன் குழப்பினால் நான் பாக்கிறன். நீ வராமல் விட்டியோ, என்ரை செத்தவீட்டுக்கும் வராதை" எண்டு சொன்னன்.

கொஞ்சப் பேர்தான் வந்தது. கூப்பிடேல்லை, அதனால வரேல்லை. மண் ஈரமா, கறுப்பா, ஓரத்தில இன்னும் கொஞ்சம் அழுக்கு ஸ்நோ. வண்டியில இருந்து பெட்டியைத் தள்ளுவண்டிலில வைக்கப் பாத்தினம், தம்பி விடேல்லை, ரெண்டு கையாலயும் தானே தூக்கிக்கொண்டு வந்தான். ஐயர் கெதியாச் சொல்லி முடிச்சார். பெட்டி கீழ இறங்கினது. எல்லாரும் ஒரு பிடி மண் போட்டம். தமையன் கேற்றடியில, பஸ்ஸில வந்த கோலத்தோட நிண்டவன், கிட்ட வரேல்லை.

மண் போட்ட கையைத் துடைக்காமல் அவள் நேரா அவனிட்டை நடந்தாள். நான் பின்னால ஓடினன், தம்பியும் வந்தான். அவள் தமையனுக்கு முன்னால போய் நிண்டு, "அண்ணை, நான்தான் பின்னால நிண்டனான்" எண்டாள்.

"சும்மா இரு பிள்ளை" எண்டு நான் கையைப் பிடிச்சன். வாய் தானாச் சொன்னது, பழகிப்போச்சு.

"அக்கா, அவளை விடுங்கோ. கதைக்கட்டும்." என்ரை தம்பிதான். அவன்ரை முகம் பேயறைஞ்ச மாதிரி இருந்தது.

நான் கையை விட்டன்.

"நான் பின்னால நிண்டனான். நான் கை காட்டினனான். அவன் என்ரை கோட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். நான் உள்ளை நிண்டனான் எண்டு நீ சொல்லிப்போட்டாய். எல்லாரும் அதையே சொல்லிப்போட்டியள்."

"உனக்காகத்தான் அம்மா…" எண்டான் தமையன்.

"எனக்காகவோ? அண்ணை, அவன் தனியப் போகேல்லை. அவன் போகேக்கை என்ரை கை அவன்ரை கன்னத்தில கிடந்தது. அம்மா இஞ்சைதான் நிக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான், அவனுக்குக் கேட்டது, எனக்குத் தெரியும். எனக்கு மிஞ்சினது அது ஒண்டுதான். நான் அங்கை இல்லை எண்டு சொல்லி அதையும் எடுத்துப்போட்டியள்."

அஞ்சு மாதமா அவள் எங்களிட்டைச் சொல்லப் பாத்தது இதைத்தான்.

தமையன் அவளின்ரை மண் கையை எடுத்துத் தன்ரை ரெண்டு கைக்குள்ளையும் வைச்சான். என்ரை தம்பியைப் பாத்தான், என்னைப் பாத்தான், பேந்து எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னான்.

"ஓம். நீ நிண்டனி. அவனுக்குப் பக்கத்திலதான் நிண்டனி."